"ஏன் பிள்ளை ஒருத்தரோடையும் கதைக்கிறாயில்லை?": ஆளுமை வகைச் சோதனையைப் பயன்படுத்துவது எப்படி

யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் அமைதியான பிள்ளையாக வளர்ந்திருந்தால், தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்காத கலியாணவீடே இருந்திருக்காது. எனக்கும் அப்படித்தான். போனில் ஒரு ஆளுமைச் சோதனை செய்து 'உள்முகம்' (introvert, கூட்டத்தை விடத் தனிமையில் தெம்பு பெறுகிற ஆள்) என்று வந்த அன்றைக்குத்தான் இது குறையில்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றைக்கு அழுதே விட்டேன்.

ஆனால் அந்த முடிவை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்முகம், வெளிமுகம் என்ற பிரிப்பை 1921இல் எழுதியவர் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங். அதிலிருந்து கத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் 16 வகைகளை உருவாக்கினார்கள், ஒவ்வொரு வகைக்கும் INFP போல நான்கு ஆங்கில எழுத்துகள். இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. அந்த முறை நடுவில் கோடு போட்டு ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது, ஆனால் உண்மையில் பெரும்பாலானோர் நிற்பது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான், அதனால்தான் சில கிழமை கழித்துத் திரும்பச் செய்தால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது. ஆய்வாளர்கள் கூடுதலாக நம்புவது ஐந்து பண்புகளை அளக்கும் முறையை. அது உங்களை ஒரு பெட்டிக்குள் போடாது, ஒவ்வொரு பண்பும் எவ்வளவு என்று காட்டும்.

சரி, எப்படிச் செய்வது? 'இப்படி இருக்க வேண்டும்' என்று ஆசைப்படுகிற ஆளை மறந்துவிட்டு, போன மாதம் உண்மையில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று யோசித்துப் பதில் போடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறையும் மாறாமல் வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு கொப்பி எடுத்து, இன்றைக்கு எது என்னைக் களைக்க வைத்தது, எது தெம்பு தந்தது என்று இரவில் இரண்டு வரி எழுதுங்கள். எந்தச் சோதனையையும் விட எனக்கு அந்தக் கொப்பிதான் கூடச் சொன்னது.

உதாரணத்துக்கு, மச்சாளின் கலியாணத்துக்கு முன் நடந்த பலகாரச் சூடு. முன் விறாந்தையில் இருபது பேர் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்க, நான் பின்பக்கம் பெரியம்மாவோடு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்து முறுக்குத் திருப்பினேன். மூன்று மணித்தியாலம். அவ தன்ரை சின்ன வயசுக் கதை எல்லாம் சொன்னா, நானும் கதைத்தேன், ஒருமுறை கூடக் களைக்கவில்லை. எனக்கு ஆட்களைப் பிடிக்கும், கூட்டம்தான் கஷ்டம் என்று அன்றிரவு கொப்பியில் எழுதினேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு இடத்தைத் தேடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மாலைக் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை, விடியப் போகலாம். பொது நூலகத்தில் பேசாமலே ஆட்களோடு இருக்கலாம். மாறாக, 'வாய்க்காரி' என்று பேச்சு வாங்கி வளர்ந்தவர் என்றால் சனசமூக நிலையத்துக்குப் போங்கள், நாலு பேரைக் கூப்பிட்டு வேலை செய்விக்கிற ஆள் அங்கே எப்போதும் தேவை.

வீட்டாருக்கு எழுத்துக் கணக்கில் விளங்கப்படுத்தாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, எனக்குக் கோவமில்லை. ஆக்கள் கூடின இடத்தில கனநேரம் நிண்டால் களைச்சுப் போறன். அரை மணித்தியாலம் தனிய இருந்திட்டு வாறன்." முதல் தரம் அவவுக்கு விளங்கவில்லை. மூன்றாவது தரம் அவவே "கொஞ்சம் அறைக்குள்ள போய் இரு" என்றா.

இன்னொன்று, இது முக்கியம். ஒதுங்குவது எல்லாம் ஆளுமை இல்லை. முன்பு விருப்பமாக இருந்தவை வெறுத்துப் போய், நித்திரையும் இல்லாமல், கிழமைக் கணக்காக அப்படியே இருந்தால் 'நான் உள்முகம்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் இழப்பைச் சுமக்கிற வீடுகள் நிறைய. வைத்தியரிடம் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.