ஃபீட் பம்ப் வைப்ரேஷன்: குத்தவாளி பம்ப் இல்ல

210 மெகாவாட் தெர்மல் யூனிட், ஓவர்ஹால் முடிஞ்சு பாய்லருக்கு தண்ணி தள்ளுற ஃபீட் பம்ப்ப ஓட்டினோம். ஆரம்பத்துல அமைதி, தண்ணி 160 டிகிரிய தொட்டதும் வைப்ரேஷன் ஏற ஆரம்பிச்சுது, அதுவும் ரன்னிங் ஸ்பீடுக்கு ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சில, அப்போ பெரும்பாலும் அலைன்மென்ட்தான், அதாவது பம்ப் ஷாஃப்ட்டும் அத ஓட்டுற ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல இல்லன்னு தெரியும், ஆனா குளிர்ந்தப்புறம் டயல் கேஜ் வச்சு அளந்தா பக்காவா இருக்கு! பேரிங்க மாத்துங்க சார்னு ஆளாளுக்கு சொன்னாங்க, பேரிங் மேல பழி போடுறது இங்க ஒரு வியாதி.

பம்ப்ப நிறுத்தி சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்ல டயல் வச்சு பாத்தோம், நல்லாவே நகர்ந்திருந்துச்சு. பைப்தான் தள்ளுதுன்னு பம்ப்புக்கு தண்ணி வர்ற சக்‌ஷன் லைன் பூரா ஏறி பாத்தா பைப்ப ஸ்பிரிங்ல தாங்குற ஒரு ஹேங்கர்ல, வேலை நேரத்துல ஸ்பிரிங் அசையாம பூட்டுற லாக் பின் அப்படியே இருக்கு, வேலை முடிஞ்சும் யாரும் எடுக்கல. ஸ்பிரிங் அசையலைன்னா சூடாகி நீளுற பைப் வேற எங்க போகும், பைப் வந்து சேருற பம்ப் வாய், அந்த நாசில்லதான் முட்டும்.

அந்த லாக் பின்ன சுத்தியால அடிச்சு எடுக்காதீங்க, லோடு பாஞ்சு வரும். ஹேங்கர் ராடோட நீளத்த மாத்துற டர்ன்பக்கிள மெல்ல திருகுங்க, லோடு சரியா வந்ததும் பின் கையாலயே வந்துடும். எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு, மறுபடி ஓட்டினப்போ சூட்டுலயும் ரீடிங் ஏறல.