நன்கொடைக்காக விடிய விடிய கேம் ஆடப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

யாருக்காவது பெரிய சிகிச்சை என்றாலும், கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்றாலும், வசூலுக்கு இறங்குவது குமரி மாவட்டத்து மன்றங்களுக்குப் பழக்கமான வேலை. அதை வீடியோ கேம் நேரலை வழியாகவும் செய்யலாம். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் சில நண்பர்கள் பழைய கேம்களை அதிவேகமாக முடித்துக் காட்டி, கேர் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 10,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஓட்டலில் நடத்த நினைத்து, அங்கே இணையம் சரியில்லாததால் ஒரு வீட்டின் அடித்தளத்துக்கு மாறி நடத்திய நிகழ்ச்சி அது. இன்று கேம்ஸ் டன் குயிக் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு வார நிகழ்ச்சியில் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது அதற்கு வழக்கமாகிவிட்டது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நான்கு பேர் சேர்ந்தால் இதைச் சின்ன அளவில் செய்யலாம். கேம் ஆடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கோட்டை விடுவது பெரும்பாலும் பணம் போகும் வழியில்தான்.

முதல் தவறு, சொந்த ஜிபே க்யூஆரைத் திரையில் போடுவது. நீங்கள் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் யாரென்றே தெரியாத நூறு பேர் உங்கள் கணக்கில் பணம் போடும்போது, அதில் ஒருவர் அனுப்பியது மோசடிப் பணமாக இருந்து சைபர் கிரைம் புகார் போனால், கணக்கு முடங்கும். மொத்த வசூலும் சிகிச்சைக்கு உதவாமல் அங்கேயே கிடக்கும். அடுத்த வருஷம் வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை யாருடைய வரவு என்ற கேள்வியும் வரும். கேம்ஸ் டன் குயிக்கில் பார்வையாளர் கொடுக்கும் பணம் நேராகத் தொண்டு நிறுவனத்துக்கே போகிறது. நடத்துபவர்கள் அதைத் தொடுவதில்லை. நீங்களும் பதிவு பெற்ற ஒரு அறக்கட்டளையிடமோ மருத்துவமனையிடமோ முன்கூட்டியே பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கி, அவர்களுடைய க்யூஆரையே திரையில் வையுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பதிவு உள்ள நிறுவனம் என்றால், பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் உண்டு. ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. உண்டியல் வைக்கும் எண்ணம் இருந்தால் இதை அறிவித்துவிடுவது நல்லது.

நேரலையில் பணம் கட்டிச் செய்தி போடும் யூடியூப் சூப்பர் சாட்டை நன்கொடைக்கான வழி என்று நம்புவது அடுத்த தவறு. அதில் 30 சதவீதம் யூடியூபுக்குப் போய்விடும். குழந்தையின் மருந்துக்கு என்று நினைத்து நூறு ரூபாய் போட்டவருக்கு, எழுபதுதான் போய்ச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்தால் எப்படி இருக்கும்? சூப்பர் சாட்டை அன்றைக்கு அணைத்தே வைக்கலாம்.

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களை மறந்து நேரம் குறிக்காதீர்கள். இங்கே இரவு 11.30 என்றால் துபாயில் 10 மணி, சவுதியில் 9 மணி. வேலை முடிந்து அறைக்கு வந்து போனைத் திறக்கும் நேரம் அது. நல்ல ஆட்டக்காரரை அந்த நேரத்தில் உட்கார வையுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் கொடுத்தால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்க முடியும். உங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு உண்டா என்று கேட்டுவிட்டு அறிவியுங்கள்.

ஆர்வத்தில் பலருக்குத் தோன்றும் யோசனை குலுக்கல்: நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு டோக்கன், விடிகாலையில் ஒருவருக்கு ஹெட்போன். களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், லாட்டரி அரசே விற்பது. இப்பால், தமிழ்நாட்டில், 2003 முதல் தடை. பக்கத்தில் பார்த்துப் பழகியதாலேயே இங்கும் தப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நுழைவுக் கட்டணம் வாங்கி, ஜெயித்தவருக்குப் பணப்பரிசு தரும் போட்டியும் வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடுத்திருக்கிறது.

பரிசே இல்லாமல் ஆளை இழுக்க வழி இருக்கிறது. கேம்ஸ் டன் குயிக்கில் சூப்பர் மெட்ராய்ட் என்ற பழைய கேமை ஆடும்போது, கடைசியில் வரும் விலங்குகளைக் காப்பாற்றுவதா விட்டுவிடுவதா என்று பார்வையாளர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நன்கொடையைக் குவிப்பார்கள். கனடாவில் 2007 முதல் நடக்கும் டெசர்ட் பஸ் நிகழ்ச்சியில், பாலைவனச் சாலையில் எட்டு மணி நேரம் பேருந்து ஓட்டும் அலுப்பான கேமை ஆடுகிறார்கள். முதல் மணி நேரத்துக்கு ஒரு டாலர்; அடுத்தடுத்த மணி ஒவ்வொன்றுக்கும் 7 சதவீதம் கூடுதல். பணம் வர வர ஆட்டம் நீளும். தாங்கள் கொடுத்த பணம் திரையில் எதையோ மாற்றுகிறது என்பதுதான் பார்ப்பவர்களைப் பிடித்து வைக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் ஜெயிக்கும் ஒரே பேட்டில் ராயல் கேமை ஆடிக்கொண்டிருந்தால் அப்படிச் செய்ய இடமே கிடைக்காது. சின்ன கேம்களை வரிசையாக வையுங்கள். எந்த நேரத்தில் எந்த கேம் என்ற பட்டியலை ஒரு வாரம் முன்பே வெளியிடுங்கள்.

ஒரே ஆள் 24 மணி நேரம் தூங்காமல் ஆடுவதை வீரமாக அறிவிக்காதீர்கள். டெசர்ட் பஸ் குழுவே ஒரு நாளை ஆறு மணி நேர ஷிப்ட் நான்காகப் பிரித்துத்தான் நடத்துகிறது. விடிகாலை நாலு மணிக்குக் கண் சொருகியவரைப் பைக்கில் வீட்டுக்கு அனுப்புவதும் கூடாது. அங்கேயே ஒரு பாய் விரித்துக் கொடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நம் மாவட்டத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் சாய்த்துப்போட்ட மின்கம்பங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கார்த்திகையைத் தவிர்த்து, மழை குறைந்த மாசி, பங்குனியில் நடத்துங்கள். உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. கரண்ட் போய் அது மாறும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடக்கூடும். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும். நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஒளிபரப்பினால் சுமார் 65 ஜிபி செலவாகும். நாளுக்கு 2 ஜிபி தரும் சிம்மை அவசரத்துக்கு மட்டும் நம்பலாம். யூடியூப் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையைத்தான் தானாகச் சேமிக்கும். ஆகவே இரண்டு மூன்று துண்டாக நடத்துங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமைப் புகாரில் நேரலையே நின்றுபோகலாம்.

நோயாளிக் குழந்தையின் படத்தையும் மருத்துவ அறிக்கையையும் திரையில் ஓட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து இதே ஊரில் பள்ளிக்கூடம் போக வேண்டும். என்ன சிகிச்சை, எவ்வளவு தேவை, எங்கே நடக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

கணக்கைத் தள்ளிப் போடாதீர்கள். கோயில் கொடை முடிந்ததும், ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவை எழுதி ஒட்டும் வழக்கம் நமக்கு இருக்கிறது. அதே மாதிரி ஒரு வாரத்துக்குள் மொத்த வரவு, நிறுவனம் கொடுத்த ரசீது, நீங்கள் கைக்காசில் செய்த இணைய, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். நன்கொடையிலிருந்து செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றால் அதையும், எடுத்திருந்தால் எவ்வளவு, எதற்கு என்பதையும் எழுதுங்கள்.