என்ஜினைக் கழுவிய பிறகு செக் லைட் எரிகிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பானட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது செம்மண் புழுதிதான். கிரானைட் லாரி ஓடும் ரோடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆயில் கசிவோடு சேர்ந்து அது பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். அதைப் போக்க டீகிரீசர் வாங்கி அடித்து, ஊறவிட்டு, மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பில் பீய்ச்சுகிறோம். என்ஜின் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் படம் அணையாமல் நிற்கிறது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எந்த பாகமும் கெட்டிருக்காது. போகக்கூடாத இடத்தில் தண்ணீர் போயிருக்கும், அல்லது கழுவும்போது ஒரு கனெக்டர் லேசாகக் கழன்றிருக்கும். செய்கிற வரிசைதான் முக்கியம்: எந்த விளக்கு என்று பார்ப்பது, கோடு (code, கார் சேமித்து வைக்கும் கோளாறு எண்) படிப்பது, காய வைப்பது, எல்லாம் முடிந்த பிறகே அழிப்பது. பலர் எடுத்தவுடன் பேட்டரி ஒயரைக் கழற்றி லைட்டை அணைத்துவிடுகிறார்கள். அதோடு கார் சேமித்து வைத்த தகவலும் போய்விடும், பிறகு இருட்டில் தேட வேண்டியதுதான்.

இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு. டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கனெக்டர் பற்றிய மற்றதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

படி 1: எந்த லைட், எப்படி எரிகிறது?

மஞ்சள் என்ஜின் படம் நிலையாக எரிந்து, வண்டியும் சாதாரணமாக ஓடினால் அவசரம் இல்லை. நிதானமாகப் பார்க்கலாம்.

அதே படம் விட்டு விட்டு எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு ஏறி உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். அதை மாற்றும் செலவுக்கு முன்னால் டீகிரீசர் பாட்டில் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை.

சிவப்பு ஆயில் கேன் படம் எரிந்தாலும் நிறுத்திவிடுங்கள், குறிப்பாக ஆயிலோடு கலந்து என்ஜின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் ஃபிளஷ் போட்டிருந்தால். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி உதறும் நிலையில் சேலம் போகிறேன் என்று தொப்பூர் இறக்கத்தில் இறங்காதீர்கள். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது என்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தால். நடுவழியில் என்ஜின் நின்றால் ஓரிரு முறை மிதித்த பிறகு பெடல் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பின்னால் லோடு லாரிகள் வந்துகொண்டிருக்கும் கணவாய் அது.

படி 2: கோடு படித்தல்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 (OBD-2) வசதி உண்டு, கார் தன் கோளாறைத் தானே கண்டு பதிந்துவைக்கும் ஏற்பாடு அது. ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகும் இஎல்எம் 327 புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, போனில் டார்க் (Torque) போன்ற ஒரு ஆப்பைத் திறந்தால் கோடு வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பக்கம் இருந்தால் அதையும் எடுங்கள். லைட் எரிந்த நேரத்தில் என்ஜின் சூடு, வேகம் எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்கும். அழி என்று வரும் பட்டனை இப்போது தொடாதீர்கள்.

படி 3: கோடு சொல்வது என்ன?

கழுவிய பிறகு அதிகம் வருவது பி0300 முதல் பி0304 வரை, அதாவது மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி நடக்கிறது. காரணம் பிளக் குழியில் தண்ணீர், இல்லாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் ஈரம்.

பி0113 வந்தால் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஆப்பில் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். தர்மபுரி வெயிலில் நின்றுகொண்டு மைனஸ் 40 என்று காட்டினால் சந்தேகமே இல்லை, சாக்கெட் கழன்றிருக்கிறது.

பி0102, பி0107 இரண்டும் காற்றின் அளவையும் அழுத்தத்தையும் பார்க்கும் சென்சார்களைப் பற்றியவை. இங்கேயும் முதல் சந்தேகம் கனெக்டர்தான். பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகச் சேர்கிறது; ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி மாட்டியபோது ஹோஸ் கிளாம்ப் சரியாக இறுகவில்லையா, வேக்யூம் ஹோஸ் ஏதாவது கழன்றதா என்று பாருங்கள்.

என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் ஸ்பிரே அடித்துத் துடைத்தவர்களுக்கு பி0507 வரலாம், ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) கூடுதல் என்று பொருள். அழுக்குக்குப் பழகிய கம்ப்யூட்டர் புது இடைவெளியைக் கற்றுக்கொள்ள வேண்டும். சில கார்களில் ஓட ஓடச் சரியாகும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்து ரீசெட் செய்ய வேண்டும்.

படி 4: காய வைத்தல்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை இப்போது கழற்றலாம், கோடுதான் நம்மிடம் இருக்கிறதே.

மேலே உள்ள பிளாஸ்டிக் கவரை எடுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேல் ஒரு காயில் தெரியும். கனெக்டர் லாக்கை விரலால் அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெரும்பாலும் 10ஆம் நம்பர் போல்ட் ஒன்றுதான் இருக்கும். அதைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகியபடி மேலே தூக்குங்கள். டார்ச் அடித்து குழிக்குள் பாருங்கள். காவேரிப்பட்டணத்தில் ஒரு நண்பரின் காரில் இப்படிப் பார்த்தபோது, பிளக்கின் பீங்கான் பகுதி வரை தண்ணீர் தேங்கி, மேலே டீகிரீசர் நுரை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. காயிலின் ரப்பர் குழாய்க்குள் வெள்ளையாக ஒரு தடம் படிந்திருந்தது.

அந்த வெள்ளை நம் ஊர்த் தண்ணீரின் வேலை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், வண்டி கழுவ போர் தண்ணீர்தானே. உப்பு அதிகம். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு பின்களில் படிந்து நிற்கும், ஈரக் காற்று பட்டால் மின்சாரம் அதன் வழியாகக் கசியும். அதனால்தான் சிலருக்கு லைட் அணைந்து, மழை நாளில் மறுபடி எரிகிறது. காய வைப்பது மட்டும் போதாது, துடைக்கவும் வேண்டும்.

முதலில் பழைய பனியன் துணியை நீளமாகச் சுருட்டி குழிக்குள் விட்டு நீரை உறிஞ்சுங்கள். பிறகு காற்று அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் என்றால் முதலில் வெளியே ஒரு முறை அடித்துவிடச் சொல்லுங்கள், அந்த டேங்கிலேயே தண்ணீர் தேங்கியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழியில் உள்ள மண் முகத்துக்குத் தெறிக்கும். குழி சுத்தமாகும் வரை பிளக்கைக் கழற்றவே கூடாது, கழற்றினால் தண்ணீரும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

கனெக்டர்களுக்கு எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து ஆறவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், பின்னின் மேல்பூச்சு போய்விடும். பின்கள் பச்சையாக மாறியிருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது, அந்த சாக்கெட்டை மாற்றுவதே நல்லது.

பிறகு பானட்டைத் திறந்துவைத்து வெயிலில் நிறுத்துங்கள். சித்திரை, வைகாசி என்றால் ஒரு மதியம் போதும். ஹீட் கன் வைத்து அவசரப்பட்டால் பிளாஸ்டிக் லாக்குகள் வளைந்துவிடும்.

படி 5: மாட்டி, அழித்து, ஓட்டிப் பார்த்தல்

கனெக்டர் மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கைக் கவனியுங்கள். உதறல் இல்லையென்றால் ஆப்பில் கோடை அழித்துவிட்டு, மேடு பள்ளம் அதிகம் இல்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அழிக்காமல் விட்டாலும் கோளாறு திரும்ப வராவிட்டால் பொதுவாக 3 நல்ல ஓட்டங்களில் லைட் தானாக அணையும்.

மறுபடி பி0303 வருகிறதா? மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்து, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் ஓடவிட்டுப் படியுங்கள். பி0302 என்று மாறினால் காயில்தான் கெட்டது. பி0303 ஆகவே நின்றால் பிளக், ஒயர் அல்லது இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனை தெரியாமல் எத்தனையோ பேர் நான்கு காயிலையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

மெக்கானிக்கிடம் போனால்

கழுவியதை மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று பலர் "தானா எரியுதுண்ணா" என்று மட்டும் சொல்கிறார்கள், அவர் பெட்ரோல் பம்பில் இருந்து தேட ஆரம்பிப்பார். "அண்ணா, நேத்து டீகிரீசர் போட்டு தண்ணி அடிச்சேன். அப்புறம் மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் கோடு வந்துச்சு. காயில மாத்திப் பாத்தேன், கோடு மாறல" என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். அரை நாள் வேலை மிச்சம்.

அடுத்த முறை கழுவுவதற்கு முன் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில்கள், காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றை பாலிதீன் கவரால் மூடிக் கட்டுங்கள். என்ஜின் ஆறிய பிறகு கழுவுங்கள், சூடான பிளக் பீங்கானில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். பிரஷரில் பீய்ச்சாமல், ஈரத்துணியும் பிரஷும் வைத்துத் துடைத்தாலே செம்மண் போய்விடும். கடைசியாக ஒரு கை துடைப்பதற்கு ஆர்ஓ தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.