அப்பப்பாவின் வில்லுக்கத்தி எந்தக் காலத்தது? வயது பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் பழைய வீடு திருத்தும்போதும் காணி பங்கு பிரிக்கும்போதும் றங்குப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு வில்லுக்கத்தி (மடக்குக் கத்தி) வெளியே வரும். பாக்குச் சீவ, புகையிலை நறுக்க, பென்சில் கூராக்க என்று ஒரு காலத்தில் எப்போதும் இடுப்பில் இருந்த சாமான். "அப்பப்பா மலாயாவிலிருந்து கொண்டு வந்தது, நூறு வருசம் இருக்கும்" என்பார்கள். அந்தக் கதை சரியா என்று பார்க்க ரோச் லைற், பூதக்கண்ணாடி, கைபேசிக் கமரா, கொஞ்சம் தையல் மெசின் எண்ணெய் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியில் உள்ள அடையாளங்கள் பெரும்பாலும் "இந்த ஆண்டுக்கு முன் செய்திருக்க முடியாது" என்று கீழெல்லையைத்தான் காட்டும். அவற்றுள் ஆகப் பிந்தியது எதுவோ, அங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். "இந்த ஆண்டுக்குப் பின் வாங்கியிருக்க முடியாது" என்ற மேலெல்லை அநேகமாக வீட்டுக் கதையிலிருந்துதான் கிடைக்கும். ஆகவே கத்தியைப் பார்ப்பதோடு பெரியவர்களோடும் இருந்து கதைக்க வேண்டும்.

1. முதலில் படம் எடுங்கள்

கறளோடும் அழுக்கோடும் இருக்கிறபடியே, திறந்தும் மூடியும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். சுத்தம் செய்யும்போது ஏதாவது அழிந்துபோனால் இந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

2. திறப்பதும் சுத்தம் செய்வதும்

இறுகிக் கிடக்கும் அலகைக் குறடு போட்டு இழுக்கவே கூடாது. அலகு சுழலும் ஆணியடியில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு, ஓர் இரவு வைத்துவிட்டு, அலகைத் திறக்க அதன் பக்கத்தில் வெட்டியிருக்கும் நகக்குழியில் நகத்தை வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னொரு துளி, இன்னோர் இரவு. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசினாகி இன்னும் இறுக்கிவிடும்.

நம் வீடுகளில் பித்தளை விளக்குக்குப் பழப்புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்கும் கைப்பழக்கம் உண்டு. கத்திக்கு அது பெரிய கேடு. புளிப்பு உருக்கை அரித்துக் கறுப்பாக்கிவிடும். மணல்தாளும் சாணைக்கல்லும் அதைவிட மோசம். அலகில் குத்தியிருக்கும் எழுத்துகளின் ஆழம் மிகக் குறைவு. சில இழுப்பிலேயே கத்தியின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும். எண்ணெய் தொட்ட பழந்துணியும் பழைய பல்துலக்கும் தூரிகையும் போதும். எலும்புப் பிடியைச் சுடுநீரில் போடாதீர்கள், வெடித்துவிடும்.

3. அலகின் அடியை வாசியுங்கள்

அலகு பிடிக்குள் நுழையும் இடத்துக்கு மேலே, கூர் இல்லாத சிறு பகுதி ஒன்று இருக்கும். செய்தவரின் பெயரும் ஊரும் சின்னமும் அநேகமாக அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். இரவில் மற்ற வெளிச்சங்களை அணைத்துவிட்டு ரோச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் ஓரங்களில் நிழல் விழும். அப்போதும் தெரியாவிட்டால் வெண்கட்டித் தூளை எழுத்தில் தடவி மேலே துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் வெள்ளை தங்கிவிடும்.

பிரித்தானியர் காலக் கத்திகளில் தேடவேண்டிய முதல் ஊர்ப்பெயர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். அங்கே ஜோசப் ரொட்ஜர்ஸ் அன்ட் சன்ஸ் நிறுவனத்தின் சின்னம் ஒரு நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும். ஜோர்ஜ் வொஸ்ரன்ஹோமின் சின்னம் ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று எழுத்துகள். ஜேர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் சோலிங்கன்; அங்குள்ள ஹென்கல்ஸின் சின்னம் இரட்டையர் உருவம். பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். நல்ல பெயர் எடுத்த கம்பனிகளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிக் குத்திய மலிவுக் கத்திகளும் நிறைய உண்டு.

கத்தியில் ஓர் ஆண்டு குத்தியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். கம்பனி தொடங்கிய ஆண்டாகவோ சின்னத்தைப் பதிந்த ஆண்டாகவோ அது இருக்கலாம். ஹென்கல்ஸின் இரட்டையர் சின்னம் 1731இல் பதிவானது. அந்த எண்ணைக் கண்டு முந்நூறு வருசக் கத்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

4. முடியும் எழுத்தும்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். அரச குடும்பத்துக்குக் கத்தி வழங்கிய ரொட்ஜர்ஸ் போன்ற நிறுவனங்கள், ஆளும் அரசரின் முதலெழுத்தையும் 'ஆர்' என்ற எழுத்தையும் நடுவில் ஒரு முடியோடு அலகில் குத்தின. 'வி' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'ஈ' என்றால் ஏழாம் எட்வேர்ட், 1901 முதல் 1910 வரை. அல்லது 1952இல் அரியணை ஏறிய எலிசபெத். 'ஜி' என்றால் ஐந்தாம் ஜோர்ஜும் ஆறாம் ஜோர்ஜும், 1910 முதல் 1952 வரை. 1830இல் இறந்த நான்காம் ஜோர்ஜுக்கும் அதே எழுத்துத்தான்.

ஒரே எழுத்து இரண்டு காலத்துக்குப் பொருந்தும்போது அடுத்த இரண்டு படிகளும் கைகொடுக்கும்.

5. நாட்டின் பெயர்

1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மக்கின்லி வரிச்சட்டப்படி, 1891 முதல் அங்கு இறக்குமதியாகும் பொருட்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்கு முன் வெறுமனே 'ஷெஃபீல்ட்' என்று குத்தியவர்கள் பிறகு 'இங்கிலாந்து' என்பதையும் சேர்த்தார்கள். ஆகவே நாட்டுப் பெயர் இருந்தால் கத்தி அநேகமாக 1891க்குப் பிந்தியது. பெயர் இல்லை என்பதற்காக முந்தியது என்று சொல்லிவிட முடியாது. சின்ன அலகில் இடமில்லாமலும் விட்டிருப்பார்கள். 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் 20ஆம் நூற்றாண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'மேற்கு ஜேர்மனி' என்றால் 1949 முதல் 1990 வரை, சந்தேகமே இல்லை.

6. உருக்கு

கறள் பிடிக்காத உருக்கை ஹரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். மேசைக்கத்திகளுக்கு முதலில் போன அந்த உருக்கு, மடக்குக் கத்திகளில் பரவலானது 1920களில். அலகில் 'ஸ்ரெயின்லெஸ்' என்றோ, அதையே பிரெஞ்சில் 'இனொக்ஸ்' என்றோ, ஜேர்மனில் 'ரொஸ்ட்ஃப்ரை' என்றோ இருந்தால் விக்டோரியா காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காந்தத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். கத்திக்குப் பயன்படும் ஸ்ரெயின்லெஸ் உருக்கும் காந்தத்தில் ஒட்டும். பழைய உருக்கு சாம்பல் நீலமாகக் கறுத்திருக்கும், கறள் குழிகளும் இருக்கும். ஆனால் சாதாரண உருக்கில் இன்றும் கத்தி செய்கிறார்கள். அதனால் கறளை மட்டும் வைத்துப் பழசு என்று தீர்மானிக்க வேண்டாம்.

7. பிடி

எலும்பு என்றால் பூதக்கண்ணாடியில் சிறு கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். எருமைக்கொம்பில் வரி வரியாக நிறம் ஓடும். மான்கொம்பின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். இவை எல்லாக் காலத்திலும் இருந்தவை, வயதுக்கு அதிகம் உதவமாட்டா. உதவுவது செலுலொயிட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஆரம்பகாலப் பிளாஸ்ரிக் அது. முத்துச்சிப்பி போலவும் ஆமையோடு போலவும் செய்து ஏமாற்றும். பெருவிரலால் சூடேறத் தேய்த்து மணந்து பாருங்கள். கற்பூர மணம் வந்தால் செலுலொயிட், ஏனென்றால் அதைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். செலுலொயிட் பக்கென்று பற்றிக்கொள்ளும்.

படைக் கத்தி என்றால்

கறுப்புச் சொரசொரப்புப் பிடி, மூக்கு மழுங்கிய ஓர் அலகு, தகரப்பேணி திறப்பான், கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த முள். இந்த அமைப்பு பிரித்தானியப் படையினருடையது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படை பலாலியில் ஓடுதளம் அமைத்தபடியால், அப்படி ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தால் வியப்பில்லை. அரச உடைமையைக் காட்டும் மூன்று கோட்டு அம்புக்குறியைத் தேடுங்கள். அதன் அருகிலோ கம்பனிப் பெயருக்குக் கீழேயோ ஆண்டு இருந்தால், அது செய்த ஆண்டேதான்.

8. வீட்டுக் கதையோடு பொருத்துங்கள்

கத்தியில் ஜி, முடி, ஆர். கீழே 'ஷெஃபீல்ட், இங்கிலாந்து'. எலும்புப் பிடி, கறுத்த உருக்கு என்று வைத்துக்கொள்வோம். 'இங்கிலாந்து' இருப்பதால் நான்காம் ஜோர்ஜ் விலகிவிடுகிறார். மிச்சம் 1910 முதல் 1952 வரை. மலாயா றெயில்வேயில் வேலை பார்த்த அப்பப்பா 1938இல் பென்ஷனோடு ஊருக்கு வந்தார், கத்தி அப்போதே கையில் இருந்தது என்று அப்பாச்சி சொல்லியிருந்தால், 1910க்கும் 1938க்கும் இடையில் என்று துணிந்து எழுதலாம். அதே கத்தியில் 'ஸ்ரெயின்லெஸ்' என்றும் இருந்தால் தொடக்கம் 1920களுக்கு நகரும்.

'இங்கேதான், கடையில் வாங்கினது' என்று சொன்னால் இன்னொரு கணக்கு உண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் புதிய வெளிநாட்டுக் கத்தி யாழ்ப்பாணக் கடையில் கிடைத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சுவிசிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்தவை வேறு வகை: விக்ரொறினொக்ஸ் என்ற சுவிஸ் கம்பனிப் பெயர் 1921க்கு முன் கிடையாது, பிரான்சின் ஒப்பினெல் கத்தியின் கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் 1955இல் வந்தது.

9. எழுதி வையுங்கள்

கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள்: சின்னம், எழுத்து, பிடி, வந்த முடிவு, கதை சொன்னவரின் பெயர், சொன்ன திகதி. கத்திக்கு மெல்லிய எண்ணெய் பூசிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தோல் உறைக்குள் வைத்தால் நம் உப்புக் காற்றுக்கு ஈரம் பிடித்துக் கறள் ஏறும். செலுலொயிட் பிடி உள்ளதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்திலிருக்கும் உருக்கையும் அரித்துவிடும்.