மைக்ரோவேவ் அடுப்பில் பறந்த பொறியும் மைக்கா தகடும்

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் முந்தைய நாள் சாம்பாரைச் சூடாக்கும்போது, உள்ளே உலோகம் எதுவும் இல்லாமலேயே வலப்பக்கச் சுவரில் பொறி பறந்து, கருகிய வாடை வந்தது. அடுப்பை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தபோது, நுண்ணலைகள் உள்ளே வரும் திறப்பை மூடியிருக்கும் மைக்கா தகட்டின் ஓரம் கருகிப் பொத்தலாகியிருந்தது. மைக்கா நுண்ணலைகளைத் தடுப்பதில்லை. ஆனால் அதன்மேல் தெறித்த எண்ணெயும் குழம்பும் நாளடைவில் கரியாகும்போது, அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்துவதால் பொறி கிளம்புகிறது.

உதிரிபாகக் கடையில் வெற்று மைக்கா தாள் மலிவாகவே கிடைத்தது. பழைய தகட்டை அதன்மேல் வைத்துக் கோடிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, சுவரில் படிந்திருந்த பிசுக்கை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்ட பிறகே பொருத்தினேன். தகடு இல்லாமல் இயக்கினால் உணவுத் துளிகளும் நீராவியும் நுண்ணலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரான் வரை சென்றுவிடும் என்பதால், இடைப்பட்ட நாள்களில் அடுப்பைத் தொடவேயில்லை. வெளிக்கூட்டைக் கழற்றும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

காலியாக ஓட்டக் கூடாதாகையால், ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சோதித்தேன்; பொறி வரவில்லை. இப்போது குழம்பு வகைகளைத் துளையுள்ள மூடியால் மூடி, இடையில் ஒருமுறை கிளறிச் சூடாக்குகிறோம். கிளறாவிட்டால் ஓரம் கொதித்தாலும் நடுப்பகுதி சில்லென்றே இருக்கும்.