டேட்டாபேஸ் ரிலீஸ் அறிவிப்பு: வார்த்தைகளில் நேரும் தவறுகள்

கஞ்சிக்கோட்டு ஆலையில் சர்வர் பார்ப்பவருக்கும் கொழிஞ்சாம்பாறை பால் சங்கத்தில் பில்லிங் கணினியைக் கவனிப்பவருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய ரிலீஸ் அறிவிப்பைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்று ராத்திரியே போட வேண்டுமா, போட்ட பிறகு கையால் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? முதல் பத்தியில் இதற்குப் பதில் இல்லையென்றால், பின்னால் எவ்வளவு அழகாக எழுதியும் பயனில்லை.

பெரும்பாலான வரைவுகள் "பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்றுதான் தொடங்குகின்றன. வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறிவிப்பு வாட்ஸ்அப்பில்தான் கைமாறும். அப்போது மேல் இரண்டு வரி மட்டுமே போகும். எந்த வெர்ஷன்கள், பாதுகாப்புத் திருத்தமா வெறும் பிழைத் திருத்தமா, எவ்வளவு அவசரம் என்ற மூன்றும் அந்த இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். மகிழ்ச்சியைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

அதிகச் சேதம் செய்யும் தவறு, யாருக்குப் பாதிப்பு என்பதை மழுப்பி எழுதுவது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 14.4 வெர்ஷனை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மூன்று மாத அட்டவணைக்குக் காத்திராமல் 2022 ஜூன் 16 அன்று வந்த ரிலீஸ் அது. டேபிளில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸை, டேபிளில் வேலை நடக்கும்போதே கட்டும் (கன்கரன்ட்லி) முறையில் இருந்த பிழையை அது திருத்தியது. ரீஇண்டெக்ஸ் என்றால் இண்டெக்ஸை மறுபடி கட்டுவது. அதை ஒருவர் இப்படி எழுதலாம்: "சில சூழல்களில் இண்டெக்ஸ்களில் சிக்கல் ஏற்படக்கூடும் என்பதால் பயனர்கள் விரைவில் அப்டேட் செய்துகொள்ளவும்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் எதுவும் செய்ய முடியாது. திருத்தினால் இப்படி வரும்: "14.0 முதல் 14.3 வரையான வெர்ஷனில் கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி அல்லது ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி ஓட்டியிருந்தால், அந்த இண்டெக்ஸில் சில பதிவுகள் விடுபட்டிருக்கலாம். 14.4 போட்ட பிறகு அந்த இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள்."

கடைசி வாக்கியம்தான் உயிர். புது வெர்ஷன் இனிமேல் பழுது வராமல் தடுக்கும்; ஏற்கெனவே பழுதான இண்டெக்ஸைத் தானாகச் சரிசெய்யாது. "14.4-இல் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் படித்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். டேபிளில் பில் இருக்கும், பில் எண்ணைப் போட்டுத் தேடினால் வராது. ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸாக இருந்தால் அதே எண்ணில் இரண்டாவது பில்லும் நுழையலாம். எர்ரர் எதுவும் வராததால் யாருக்கும் உடனே தெரியாது. சோதிக்கும் வழியைச் சொன்னால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பழுதைச் சோதிக்கும் பிஜி_ஆம்செக் கருவியை ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு விருப்பத்தோடு (டேபிளின் பதிவுகள் எல்லாம் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது) ஓட்டினால் வழக்கமான வகையான பி-ட்ரீ இண்டெக்ஸ்களில் உள்ள பழுது தெரியும் என்றுதான் அன்று சொல்லப்பட்டது. மற்ற வகை இண்டெக்ஸ் வைத்திருப்பவர் "சோதித்தேன், சுத்தம்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மைனர் (சிறு திருத்தம்), மேஜர் (பெரிய வெர்ஷன் மாற்றம்) இரண்டையும் "அப்கிரேட் செய்யுங்கள்" என்ற ஒரே சொல்லால் முடிப்பதும் ஆபத்து. 2017-இல் வந்த 10-ஆம் வெர்ஷன் முதல் போஸ்ட்கிரெஸில் முதல் எண் மேஜர், இரண்டாவது மைனர். 16.4-லிருந்து 16.6 போக சர்வீஸை நிறுத்தி, புரோகிராமை மாற்றி, திரும்ப ஓட்டினால் பொதுவாகப் போதும். டம்ப் (தரவு முழுவதன் நகல்) எடுத்து ஏற்ற வேண்டியதில்லை. 16-லிருந்து 17 என்றால் பிஜி_அப்கிரேட் கருவி, டம்ப்-ரீஸ்டோர், லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களைப் புதிய சர்வருக்குத் தொடர்ந்து நகலெடுப்பது) என்று ஏதாவது ஒரு வழி தேவை. இது தெளிவாக இல்லையென்றால், பத்து நிமிட வேலையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள்.

பழைய பழக்கத்தை உடைக்கும் மாற்றத்தைப் பெருமையாக மட்டும் எழுதாதீர்கள். 15-ஆம் வெர்ஷனில் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸின் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொது இடம்) எல்லோரும் டேபிள் போடும் உரிமை நீங்கியது. "பாதுகாப்பு கூடியது" என்று மட்டும் எழுதினால், பழைய ஸ்கிரிப்டை ஓட்டுபவர் "பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்" என்ற எர்ரரில் முட்டி நிற்பார். அந்த எர்ரர் வாசகத்தையே, திரையில் வரும் எழுத்து மாறாமல், அறிவிப்பில் போடுங்கள். தேடுபவர் அதைத்தான் தேடுவார். கட்டளைகளும் அப்படியே, காப்பி செய்து ஒட்டினால் ஓட வேண்டும்.

"இருமடங்கு வேகம்" என்றால் எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), எவ்வளவு பெரிய டேபிள், எந்தப் பழைய வெர்ஷனோடு ஒப்பிட்டது என்று எழுதுங்கள். முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

தேதியில் 05/08 வேண்டாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 14:00 யுடிசி (உலகப் பொது நேரம்) என்றால் பக்கத்திலேயே இந்திய நேரம் இரவு 7.30 என்று போடுங்கள். "பண்டிகைக்கு முன் போட்டுவிடுங்கள்" என்றால் பொள்ளாச்சிக்காரர் தீபாவளி என்று நினைப்பார், பாலக்காட்டுக்காரர் ஓணம் என்று எடுத்துக்கொள்வார்.

"இதுவே கடைசி வெர்ஷன்" என்று அடித்துச் சொல்வதிலும் நிதானம் வேண்டும். 2024 நவம்பர் 14 அன்று வந்த 12.21-தான் 12-ஆம் வரிசையின் முடிவாக இருந்திருக்க வேண்டியது. அன்றைய ரிலீஸ்களில் சில எக்ஸ்டென்ஷன்களோடு (மேலே சேர்க்கும் துணை மென்பொருள்கள்) ஒத்துப்போகாத மாற்றம் ஒன்று நுழைந்துவிட்டதால், ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, 17.2-உடன் 12.22-உம் வந்தது. ஆதரவு எந்தத் தேதியோடு முடிகிறது என்று மட்டும் சொல்வது உத்தமம். இப்படி நிலைமை மாறும்போது பழைய அறிவிப்பைச் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. அதன் தலையிலேயே தேதியிட்டு, "17.1 போடாதவர்கள் நேராக 17.2-க்குப் போங்கள்" என்பதுபோல ஒரு வரி சேர்த்து, முதல் அறிவிப்பு போன எல்லாருக்கும் மறுபடி அனுப்புங்கள்.