கையை விரித்தால் சிலுவையா? சினிமாவில் பலியையும் மீட்பையும் பார்க்கப் பழகுவது எப்படி

ஹாலிவுட் படத்தில் நாயகன் இரண்டு கைகளையும் விரித்தபடி சாய்ந்துவிட்டால் போதும், 'இது கிறிஸ்து உருவகம்' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். சில சமயம் அது சரிதான். ஆனால் அந்தக் கோலம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்பது இயக்குநர்களுக்கும் தெரியும். அதற்காகவே வைப்பவர்களும் உண்டு. நற்செய்திக் கதை, அதாவது மற்றவர் பாவத்துக்காக இயேசு சாகும் கதை, ஒரு படத்துக்குள் ஓடுகிறதா என்று பார்க்க என் வழி வேறு. முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்: யார் பட்ட கடன் (இங்கே கடன் என்றால் பாவம்), யார் அடைத்தார், அடைத்தபின் யாருடைய வாழ்க்கை மாறியது. கோலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பழகுவதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'கிரான் டொரினோ' (2008). முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

படி 1: கதையை மதச் சொல் இல்லாமல் எழுதுங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள், குறிப்பு எடுக்க வேண்டாம். முடிந்ததும் நாலைந்து வரியில் கதையை எழுதுங்கள். சிலுவை, இரட்சிப்பு, தியாகம் என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. என்னுடையது இப்படி:

கொரியப் போரில் சண்டையிட்ட வால்ட், ஃபோர்டு ஆலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவியை இழந்தவர், எல்லோரிடமும் எரிந்துவிழுபவர். பக்கத்து வீட்டில் இருக்கும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஹ்மாங் இனக் குடும்பத்துப் பையன் தாவோ, ஒரு ரவுடிக் கும்பலின் நெருக்குதலால் வால்ட்டின் 1972 கிரான் டொரினோ காரைத் திருட வந்து மாட்டிக்கொள்கிறான். மெல்ல இருவரும் நெருங்குகிறார்கள். கும்பல் தாவோவின் வீட்டைச் சுடுகிறது, அவன் அக்கா சூவைச் சீரழிக்கிறது. வால்ட் ஆயுதமில்லாமல் கும்பலின் வீட்டு வாசலுக்குப் போய்ச் செத்துப்போகிறார். சாட்சிகள் இருப்பதால் கும்பல் கைதாகிறது.

இந்த வரிகளில் 'ஒருவர் சாக, இன்னொருவர் பிழைக்கிறார்' என்பது தானாக வந்துவிட்டது, பார்த்தீர்களா? வராத படத்தை வலிந்து இழுக்க வேண்டாம், அங்கேயே விட்டுவிடலாம்.

படி 2: பாவம் யாருடையது?

கும்பலுடையது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது பாதிதான். நடுவில் ஒரு காட்சி: தாவோவின் கன்னத்தில் சிகரெட்டால் சுட்டவர்களுக்குப் பாடம் கற்பிக்க, வால்ட் அந்தக் கும்பல்காரன் ஒருவனை அடித்து நொறுக்குகிறார். அதற்குப் பதிலடியாகத்தான் வீட்டில் துப்பாக்கிச் சூடும் சூவுக்கு நேர்ந்த கொடுமையும். அதாவது, வால்ட்டின் வீரமே அந்தக் குடும்பத்தின் தலையில் விடிகிறது. பழைய ஈஸ்ட்வுட் படங்களில் துப்பாக்கி எடுத்ததும் பிரச்சினை தீரும். இங்கே கையை ஓங்கியதும் பிரச்சினை இரண்டு மடங்காகிறது.

அதற்கும் அடியில் இன்னொரு கடன் இருக்கிறது, கொரியாவில் பட்டது. அது படி 4இல்.

படி 3: பலிதானா என்று சோதியுங்கள்

மூன்று கேள்விகள் போதும். விரும்பிப் போனாரா? திருப்பி அடித்தாரா? யாருக்காக?

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான படங்கள் கழன்றுவிடும். நூறு பேரைக் கொன்று கடைசிக் குண்டில் தானும் சாய்கிற நாயகன் மாவீரன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கெத்செமனே தோட்டத்தில் வாளை உறையில் போடச் சொன்ன இயேசுவின் கதை வேறு. அங்கே வன்முறையை ஒருவர் தன் உடலில் வாங்கிக்கொண்டு அதோடு நிறுத்துகிறார். வால்ட் செய்வதும் அதுதான். சட்டைக்குள் கையை விட்டு அவர் எடுப்பது லைட்டரை. துப்பாக்கி என்று நினைத்துச் சுடுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும்: அவர் ஏற்கெனவே ரத்தமாக இருமுகிறவர், எப்படியும் சாகப்போகிறவர், இதில் என்ன தியாகம்? அதோடு, சுட வைத்தது அவரேதானே? எனக்கும் இதில் முழுத் தெளிவு இல்லை. படமும் இதை மறைக்கவில்லை என்பதால் உங்கள் கட்டுரையிலும் மறைக்காதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க 'ஸ்பைடர்மேன் 2' (2004) ரயில் காட்சி உதவும். கையை விரித்து ரயிலை நிறுத்துகிறான், மயங்கி விழுந்தவனைப் பயணிகள் தலைக்கு மேல் தாங்கிக் கொண்டுபோகிறார்கள். கோலம் கச்சிதம், பலியும் ஓரளவு உண்டு. ஆனால் அந்த ரயிலில் யாருக்கும் பாவக் கடன் இல்லை. காப்பாற்றப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

படி 4: மீட்பைத் தனியாகத் தேடுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் பலியையும் மீட்பையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். சாவு ஒன்றும் இல்லாமலே மீட்பு நடக்கலாம். 'லே மிசராப்ல' (2012) படத்தில் வெள்ளிச் சாமான்களைத் திருடிப் பிடிபட்ட ஜான் வால்ஜானிடம் ஆயர் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார். யாரும் சாகவில்லை, திருடன் வேறு மனிதனாகிறான். (ஆயராக வருபவர் கோம் வில்கின்சன். 1985இல் லண்டன் மேடையில் வால்ஜானாகவே நடித்தவர். தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சி இன்னும் கனக்கும்.)

இப்போது வால்ட்டுக்கு வருவோம். பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் கத்தோலிக்கச் சடங்கு) செய்யச் சொல்லி இளம் பாதிரியார் படம் முழுக்கத் துரத்துகிறார், மனைவியின் கடைசி ஆசை அது. சாகப்போகும் நாளில் வால்ட் கோவிலுக்குப் போகிறார். சொல்வது என்ன? வேறொரு பெண்ணை முத்தமிட்டது, படகு விற்ற லாபத்துக்கு வரி கட்டாதது, மகன்களோடு ஒட்டாமல் போனது. பாதிரியாருக்கே ஏமாற்றம், இவ்வளவுதானா என்று.

அப்புறம் வீட்டுக்கு வந்து, பழிவாங்கத் துடிக்கும் தாவோவைக் கீழறையில் வைத்துப் பூட்டுகிறார். கம்பி வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் தாவோ, இந்தப் பக்கம் வால்ட். அங்கேதான் உண்மை வெளியே வருகிறது: சரணடைய நினைத்த ஒரு சிறுவனைக் கொரியாவில் கொன்றதும், அதற்குப் பதக்கம் வாங்கியதும். இந்தக் கதவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டின் சல்லடைத் தட்டிதான் அது. கோவிலில் நடந்தது சடங்கு. வீட்டுக் கீழறையில், குருப்பட்டம் வாங்காத ஒரு ஆசியப் பையனிடம் நடந்ததுதான் ஒப்புக்கொள்ளல். என்னைக் கேட்டால் படத்தின் மையம் சாவுக் காட்சியைவிட இதுதான்.

கடைசியில் உயில் வாசிக்கிறார்கள். பேத்தி கண்வைத்திருந்த கார் தாவோவுக்குப் போகிறது. திருட வந்தவனுக்கு அதே பொருள் பரிசாக வருவது, ஆயரின் வெள்ளித் தண்டு மாதிரியே, இறையருள் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் நேரடி வடிவம்.

படி 5: இப்போது குறியீடுகளைப் பொறுக்குங்கள்

விழுந்து கிடக்கும் வால்ட்டின் கைகள் விரிந்திருக்கின்றன, கையில் ரத்தம் வழிகிறது. சுடப்படுமுன் உதடு 'அருள் நிறைந்த மரியே' என்ற ஜெபத்தைத் தொடங்குகிறது. முதல் நான்கு படிகள் முடிந்த பிறகு இவை வெறும் அலங்காரமாகத் தெரியாது.

எச்சரிக்கை ஒன்று: பைபிள் தெரிந்தால் அது பக்தி என்று முடிவுகட்ட வேண்டாம். 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) படத்தில் பைபிளைத் தூக்கிக்கொண்டு திரிபவர் கொடூரமான சிறை அதிகாரி. ஆண்டி என்ற கைதியின் பைபிளை வாங்கிப் பார்த்துவிட்டு, மீட்பு இதற்குள்தான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். தப்பிப்பதற்காக ஆண்டி சுவரைக் குடையும் பாறைச் சுத்தியல் உண்மையிலேயே அதற்குள்தான் இருக்கிறது, யாத்திராகமம் தொடங்கும் இடத்தில் குடைந்து வைத்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் புத்தகம்! இந்த வகைக் கிண்டலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: எந்த வகை மீட்பு?

இயேசுவின் சாவு எப்படி மீட்கிறது என்பதற்குக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பல விளக்கங்கள் உண்டு. பிணைத்தொகை கொடுத்து மீட்பது ஒன்று. 'நார்னியா' (2005) படத்தில் துரோகம் செய்த எட்மண்டுக்காக அஸ்லான் சூனியக்காரியிடம் தன்னைக் கொடுப்பது இதற்கு நெருக்கம். 11ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் அன்செல்ம் சொன்னது, கடவுளின் மாண்புக்கு மனிதன் பட்ட கடனைத் தீர்ப்பது. அவருக்குப் பின் வந்த அபெலார்டு, அந்த அன்பைக் கண்டு மனிதன் மாறுவதை முன்னே வைத்தார். வால்ட்டை எதில் வைப்பீர்கள் என்பது உங்கள் வாதம். நான் அபெலார்டு பக்கம் சாய்வேன், தாவோவின் முகத்தைப் பார்த்து.

படி 7: எதிர்த்துக் கேளுங்கள்

ஒரு வெள்ளையர் மீட்படைவதற்காகவே ஹ்மாங் மக்கள் துன்பப்படுகிறார்களா? அவர்களைக் காக்க வெளியிலிருந்து ஒருவர்தான் வர வேண்டுமா? தாவோவாக நடித்த பீ வாங்கே படத்தின் இனக்கேலிகளைப் பின்னாளில் வெளிப்படையாக விமர்சித்தார். இந்தப் பத்தி இல்லாத கட்டுரை பிரசங்கமாகிவிடும்.

பயிற்சி

எலியா கசானின் 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' (1954) பாருங்கள். கப்பலின் அடித்தளத்தில் பிணத்துக்கு முன் நின்று, துறைமுகத்தில் நடக்கும் இந்தக் கொலையும் ஒரு சிலுவைச் சாவுதான் என்று பாதிரியார் வெளிப்படையாகவே சொல்லிவிடுவதால் படி 5 சுலபம். படி 2தான் கடினம். நாயகன் டெரி, துறைமுகத் தொழிலாளி, தன் கூட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லி, அடி வாங்கி, தள்ளாடி நடக்கிறான். படத்தை இயக்கிய கசான் 1952இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். இதை வைத்துக்கொண்டு, அங்கே யாருடைய கடன் அடைபடுகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.